இரண்டு நாற்பதுகள்

போன மாதம் எங்கள் குழுவுக்கு ஆள் எடுப்பதற்காக ஒரு இளைஞரை நேர்முகம் கண்டோம். என்னோடு உட்கார்ந்திருந்தவர் எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வேலையை ஏழாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாடலின் ஏழு அடுக்குகள் என்னென்ன? இளைஞர் மூச்சு விடாமல் சொன்னார். மேலிருந்து கீழே ஒரு தடவை, யாரும் கேட்காமலேயே கீழிருந்து மேலே இன்னொரு தடவை. அப்புறம் நான் கேட்டேன்: "ஒரு சர்வருக்கு பிங் போகுது, பதிலும் வருது. ஆனா அதே சர்வர்ல இருக்கிற பக்கம் பாதியில தொங்குது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பீங்க?" (பிங் என்பது 'இருக்கிறாயா?' என்று கேட்டுப் பதில் வாங்குகிற சின்னச் சோதனை.) கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தார். "நெட்வொர்க் லேயர்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு "இல்ல, ட்ரான்ஸ்போர்ட்" என்றார். இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு "செஷன்?" என்று இழுத்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். பல வருடங்களுக்கு முன்பு நானே வைத்திருந்த முகம். ஏழு பெயரும் தெரியும், ஏழில் எதற்குள்ளும் கை வைக்கத் தெரியாது. அன்றிலிருந்து இந்த விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அடுக்குகள் என்ற யோசனை மிக நல்ல யோசனை. அதை இவ்வளவு பேருக்கு இவ்வளவு உபயோகமில்லாமல் எப்படிச் சொல்லிக்கொடுக்க முடிகிறது?

நான் முதலில் படித்த விதத்தைச் சொன்னால் புரியும். சுவரில் ஒரு படம், ஏழு பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று. முதல் எழுத்துகளை நினைவில் வைக்க ஆங்கிலத்தில் ஒரு அசட்டு வாக்கியம். பாடக்குறிப்பில் 'அமர்வு அடுக்கு அமர்வுகளை நிர்வகிக்கிறது' என்று இருக்கும். சரி, அமர்வு என்றால் என்ன? அமர்வு அடுக்கு நிர்வகிப்பது. இதைத் தாண்டி யாரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை. தேர்வில் படத்தை ஸ்கேல் வைத்து நேராகப் போட்டதற்கு மதிப்பெண் கிடைத்தது. கேபிளில் ஓடும் மின்சாரத்துக்கும் திரையில் தெரியும் பக்கத்துக்கும் நடுவில் அந்த ஏழு பெட்டிகள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பது மட்டும் கடைசி வரை தெரியவில்லை. கணினியைத் திறந்தால் உள்ளே இருக்குமா, கேபிளில் இருக்குமா, இல்லை வெறும் பேச்சா? வேலைக்குச் சேர்ந்த பிறகும் இதே கதிதான். கட்டளைகளை மனப்பாடம் செய்து ஓட்டினேன்.

## ஒரு கம்பி, இரண்டு மெஷின்

வேலை முடிந்த பிறகு மாலையில் நடக்கும் ஒரு வகுப்பில் சேர்ந்தபோதுதான் அந்த ஆசிரியையைப் பார்த்தேன். எல்லோரும் மேடம் என்று கூப்பிடுவோம். முதல் நாள் ஏழு பெட்டி வரையவில்லை. பலகையில் இரண்டு சதுரம் போட்டார், நடுவில் ஒரு கோடு. "இது ஒரு கம்பி. இந்தப் பக்கம் மின்னழுத்தத்த ஏத்தலாம், இறக்கலாம். அந்தப் பக்கம் அத அளக்கலாம். நம்மகிட்ட இருக்கறது இவ்வளவுதான். இப்ப ஒரு கடிதத்த அனுப்புங்க பார்க்கலாம்."

யாரோ ஏத்தினால் ஒன்று, இறக்கினால் பூஜ்யம் என்றார்கள். சரி, இருபது பூஜ்யம் வரிசையாக வந்தால் அந்தப் பக்கம் இருப்பவர் இருபது என்று எப்படி எண்ணுவார்? அவருடைய கடிகாரமும் உங்களுடையதும் கொஞ்சம் முன்னே பின்னே ஓடினால் பத்தொன்பதா இருபதா? எங்களில் ஒருவர், தொடங்குவதற்கு முன் ஒன்றும் பூஜ்யமும் மாற்றி மாற்றி அனுப்பி அவர் கடிகாரத்தைச் சரி செய்துகொள்ளட்டும் என்றார். மேடம் முகம் மலர்ந்துவிட்டது. அலுவலகக் கேபிள்களில் வழக்கமாக ஓடும் ஈதர்நெட் முறையில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (ஒரு தடவை அனுப்பும் பொட்டலம்) முன்னால் அப்படியே 7 பைட்டுகள் போகின்றன. எட்டாவது பைட்டின் முடிவில் இரண்டு ஒன்றுகள் சேர்ந்து வரும். 'ஒத்திகை முடிந்தது, இனி விஷயம்' என்று அர்த்தம். அந்த ஏற்பாட்டை எங்கள் வகுப்பிலேயே ஒருவர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். சரியாகச் சொன்னால், கண்டுபிடிக்க வைக்கப்பட்டார்.

அப்புறம் மூன்றாவது மெஷினைச் சேர்த்தார். இப்போது அனுப்புவது யாருக்கு என்று சொல்ல வேண்டும், அதனால் முகவரி வந்தது. பக்கத்தில் மோட்டார் ஓடினால் பிட் கெடும், அதனால் கடைசியில் 4 பைட் சரிபார்ப்பு எண் வந்தது. ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு சங்கடம், பிறகு எங்கள் அரைகுறைத் தீர்வு, அதற்குப் பிறகுதான் உலகம் வைத்திருக்கும் தீர்வு. பெயர் கடைசியில். 'டேட்டா லிங்க்' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டது மூன்றாவது வாரத்தில். அதற்குள் அது என்னவென்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. பெயரை முதலில் கொடுத்தால் மாணவர்கள் பெயரோடு திருப்தி அடைந்துவிடுவார்கள் என்பது அவருடைய கட்சி. என் அனுபவமும் அதுதான்.

இன்னொரு பழக்கம் உண்டு. எந்தக் கருவி, எந்த அடுக்கு வந்தாலும் அது என்ன செய்யும் என்று கேட்க மாட்டார். "இவருக்கு என்ன தெரியாது?" என்று கேட்பார். மரியாதையாக, 'இவர்' என்றுதான். ஒரே இடத்து மெஷின்களை இணைக்கும் ஸ்விட்சுக்கு மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் முகவரி) தெரியும். ஐபி (ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கான முகவரி முறை) என்று ஒன்று இருப்பதே தெரியாது. ரவுட்டருக்கு எந்தத் திசையில் தள்ள வேண்டும் என்று தெரியும். அந்தப் பாக்கெட் (அனுப்பும் தரவின் ஒரு துண்டு) கடைசியில் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. துண்டுகளை எண்ணி, தொலைந்ததைத் திரும்ப அனுப்பும் டிசிபிக்கு எது வந்தது எது வரவில்லை என்று தெரியும். எந்த வழியில் வந்தது என்று தெரியாது. பிரவுசருக்கு நடுவில் நான்கு துண்டு தொலைந்து திரும்ப வந்ததே தெரியாது. இப்படிக் கேட்கக் கேட்க, அடுக்கு என்பது வேலைப் பட்டியல் என்று நான் நினைத்திருந்தது மெல்ல ஆட்டம் கண்டது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கான ஒரு ஒப்பந்தம் போல இருந்தது அது. ஸ்விட்சுக்கு ஐபி தெரியாததால்தான் நாளைக்கு ஐபியைத் தூக்கிவிட்டு வேறொன்றை வைத்தாலும் ஸ்விட்ச் பேசாமல் வேலை பார்க்கும்.

வகுப்பில் ஒருவர் அந்தப் பழைய தபால் உவமையைக் கொண்டுவந்தார். உறைக்குள் உறை, அதற்குள் கடிதம். மேடம் மறுக்கவில்லை, ஆனால் ஒரு கணக்குக் கொடுத்தார். ஒரு மெஷின், நடுவில் இரண்டு ரவுட்டர், கடைசியில் ஒரு சர்வர். மூன்று கேபிள் துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் பாக்கெட் போகும்போது அனுப்புநர் மேக், பெறுநர் மேக், அனுப்புநர் ஐபி, பெறுநர் ஐபி என்னவாக இருக்கும்? நான்கு பத்தி, மூன்று வரி, பன்னிரண்டு கட்டம். நான் முதல் வரியில் பெறுநர் ஐபி என்ற கட்டத்தில் ரவுட்டரின் ஐபியை எழுதினேன். முதலில் ரவுட்டருக்குத்தானே போகிறது! திரும்பிப் பார்த்தால் பாதிப் பேர் அதையே எழுதியிருந்தார்கள். மேடம் ஒன்றும் சொல்லாமல் என் தாளை எடுத்து, "சரி, இந்த ரவுட்டர் கையில பாக்கெட் வந்தாச்சு. பெறுநர்னு அவரோட பேரே இருக்கு. இனி அவர் இத எதுக்கு வேற எங்கயாவது அனுப்பணும்?" என்றார். சுருக்கென்று உறைத்தது. மேக் முகவரி இரண்டும் ஒவ்வொரு துண்டிலும் மாறும். ஐபி இரண்டும் கடைசி வரை அப்படியே நிற்கும். வெளி உறையை ஒவ்வொரு ரவுட்டரும் கிழித்துப் போட்டுவிட்டுப் புது உறை போடுகிறது. எந்தத் தபால் நிலையமும் அப்படிச் செய்வதில்லை. உவமை அங்கேயே நின்றுவிட்டது. உவமைகளை இப்படி அவை உடையும் இடம் வரை கூட்டிக்கொண்டு போகிற ஆசிரியர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பெரும்பாலானோர் உவமையைச் சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்கள்.

## 55-ஆவது பைட்

எனக்கு எல்லாம் திரும்பியது ஒரே ஒரு வகுப்பில்தான். அன்று மேடம் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். தாள் முழுக்க இரண்டு இரண்டு இலக்கமாக எண்கள். ஒரு பாக்கெட்டைப் பிடித்து ஹெக்ஸில் (பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறை) அச்சடித்திருந்தார், அவ்வளவுதான். வயர்ஷார்க் என்ற மென்பொருளைத் திறக்கக் கூடாது. அது வண்ணம் போட்டு, பெயர் போட்டு, எல்லாவற்றையும் பிரித்து வைத்துவிடும், நம் கண்ணுக்கு வேலை இருக்காது. பென்சில் மட்டும்.

"முதல் பதினாலு பைட்ட எண்ணி ஒரு கோடு போடுங்க." 6 பைட் பெறுநர் மேக், 6 பைட் அனுப்புநர் மேக், மிச்சம் இரண்டு: 08 00. ஒத்திகைக்காகப் போன அந்த 8 பைட்டும் கடைசியில் வரும் சரிபார்ப்பு எண்ணும் தாளில் இல்லை. அவற்றை நெட்வொர்க் கார்டே கழற்றி வைத்துக்கொள்ளும். 08 00 என்றால் என்ன? உள்ளே இருப்பது ஐபி என்று அர்த்தம். 08 06 என்று இருந்திருந்தால் ஏஆர்பி, ஒரு ஐபிக்கு உரிய மேக் எது என்று விசாரிக்கும் முறை. ஈதர்நெட்டுக்குத் தன் சுமையைப் பற்றித் தெரிந்தது இந்த இரண்டு பைட் மட்டுமே. யாரிடம் கொடுக்க வேண்டும் என்று தெரியும், என்ன இருக்கிறது என்று தெரியாது.

அடுத்த பைட் 45. "நாற்பத்தஞ்சுனு படிக்காதீங்க. நாலு, அஞ்சு." நான்கு என்பது ஐபியின் பதிப்பு. ஐந்து என்பது தலைப்பின் (சுமைக்கு முன்னால் வரும் விவரப் பகுதி) நீளம், நான்கு நான்கு பைட் கொண்ட 'சொற்களில்'. ஐந்து நான்கு இருபது. ஆக, 45-லிருந்து இருபது பைட் எண்ணி அடுத்த கோடு. தன் தலைப்பு எங்கே முடிகிறது என்பதைத் தலைப்பின் முதல் பைட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது பெரிய சாமர்த்தியமாகப் பட்டது. இன்றைக்கும் படுகிறது.

அந்த இருபதுக்கு நடுவில் இப்படி ஒரு வரிசை இருந்தது: 40 00 40 06. ஹெக்ஸில் 40 என்றால் 64 என்று முந்தைய வகுப்பில் பழகியிருந்தோம். நான் உற்சாகமாக இரண்டு இடத்திலும் 64 என்று எழுதினேன். மேடம் குனிந்து பார்த்தார். "எண் ஒண்ணுதான். அர்த்தம் ஒண்ணா?" இரண்டாவது 40 உண்மையிலேயே 64. அந்தப் பாக்கெட்டின் ஆயுள். ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும், பூஜ்யம் ஆனால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். முதல் 40-ஐ எண்ணாகப் படிக்கக் கூடாது, பிட்டுகளாகப் படிக்க வேண்டும்: 0100 0000. இரண்டாவது பிட் உயர்ந்திருக்கிறது. அதன் பொருள், 'என்னைப் பிரிக்காதே'.

ஆயுள் விஷயத்தில் வகுப்பு சிக்கிக்கொண்டது. யாரோ, பாக்கெட் செத்தால் அனுப்பியவருக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். கொன்ற ரவுட்டர் ஐசிஎம்பி (பிங்கும் பிழை அறிவிப்புகளும் போகிற முறை) மூலம் ஒரு செய்தி அனுப்பும் என்றார் மேடம். அப்படியானால் வேண்டுமென்றே ஆயுள் 1 என்று போட்டு அனுப்பினால் முதல் ரவுட்டர் தன்னைக் காட்டிக்கொடுக்கும், 2 என்று போட்டால் இரண்டாவது... ட்ரேஸ்ரூட் என்ற கருவியின் தந்திரமே இதுதான், வான் ஜேக்கப்சன் 1980-களின் பிற்பகுதியில் எழுதியது. சாவுச் செய்தியை வைத்து வழி கண்டுபிடிக்கிற வேலை. அரை மணி நேரம் இதிலேயே போனது. முதல் 40-ஐப் பற்றி நான் கேட்டபோது, "பிரிக்காதேன்னு ஏன் சொல்லணும்கறது பெரிய கதை, அப்புறம் பார்ப்போம்" என்றார். என் நோட்டில் 'முதல் 40: பிரிக்காதே. ஏன்?' என்று இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

06-க்கு வந்தோம். உள்ளே இருப்பவர் டிசிபி என்று அர்த்தம். தொலைந்ததைத் திரும்ப அனுப்பாத யூடிபியாக இருந்தால் 17, தாளில் 11 என்று தெரியும். டிசிபியின் தலைப்பில் முதல் இரண்டு பைட் அனுப்பிய போர்ட் (மெஷினுக்குள் எந்தச் செயலி என்று சொல்லும் எண்), அடுத்த இரண்டு 00 50. ஹெக்ஸில் 50 என்றால் 80, அதாவது வெப் சர்வர். சற்றுத் தள்ளி இன்னொரு 50. இந்த முறை நான் உஷார். ஐந்து, பூஜ்யம் என்று பிரித்துப் படித்தேன். ஐந்து சொல், இருபது பைட். மறுபடி எண்ணி மறுபடி கோடு. 14, 20, 20. மொத்தம் 54 பைட் ஆகிவிட்டது. 55-ஆவது பைட்டிலிருந்து 47 45 54 20. எழுத்து அட்டவணையைக் கையில் கொடுத்து, "இப்ப படிங்க" என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர் முதலில் கண்டுபிடித்துக் கத்தினார்: "கெட்!" ஜி, ஈ, டி, ஒரு இடைவெளி. பிரவுசர் சர்வரிடம் 'கொடு' என்று கேட்கிற அந்தச் சொல்.

அந்த நிமிடத்தை இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சுவரில் பார்த்த பெட்டிகள் எல்லாம் ஒரு தாளில் ஒரே வரிசையாகப் படுத்துக் கிடந்தன. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த கோடு என்னவென்று அன்றுதான் தெரிந்தது: 08 00, அப்புறம் 06, அப்புறம் 00 50. மூன்று சின்ன எண்கள். ஒவ்வொருவரும் அடுத்தது யார் கையில் கொடுக்க வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி வைக்கிறார், அதற்கு மேல் எட்டிப் பார்ப்பதில்லை. அடுக்குகள் கணினிக்குள் இருக்கின்றனவா கேபிளில் இருக்கின்றனவா என்று நான் வருடக்கணக்காகக் குழம்பிய கேள்விக்குப் பென்சில் கோடுதான் பதில். அன்று இரவு தாளை எடுத்துக்கொண்டுபோய்த் திரும்பவும் முதலிலிருந்து எண்ணினேன்.

ஏழில் ஐந்தாவதும் ஆறாவதும் எங்கே என்று அடுத்த வகுப்பில் கேட்டேன். "தாள்ல தேடுங்க" என்றார். தேடினேன், இல்லை. சிரித்தார். ஏழு என்பது வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை என்று அன்று ஒரு கதை சொன்னார். ஓஎஸ்ஐ மாடல் ஐஎஸ்ஓ தரமாக வெளிவந்தது 1984-இல். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் அதற்கு முன்னாலேயே, 1983 ஜனவரி 1 அன்று, டிசிபி/ஐபிக்கு மாறிவிட்டது. அந்த டிசிபியும் ஐபியும்கூட முதலில் ஒரே ஆள்தான். 1974-இல் விண்ட் செர்ஃபும் பாப் கானும் எழுதிய கட்டுரையில் இரண்டாகப் பிரிந்திருக்கவில்லை. குரலை நெட்வொர்க்கில் அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. பேச்சில் ஒரு துண்டு தொலைந்தால் தொலைந்ததுதான். திரும்பக் கேட்டு வாங்கித் தாமதமாகக் கொடுப்பதால் யாருக்கு லாபம்? ஜான் போஸ்டல் 1977-இல் ஒரு குறிப்பு எழுதினார். அடுக்கு என்ற கொள்கையை மீறி வடிவமைப்பைக் கெடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று கிட்டத்தட்டத் திட்டியே எழுதியிருந்தார். அடுத்த வருடம் இரண்டும் பிரிந்தன. திரும்பக் கேட்காதவர்களுக்காக 1980-இல் யூடிபி வந்தது. ஆக, மூன்றாவது அடுக்குக்கும் (ஐபி) நான்காவதுக்கும் (டிசிபி, யூடிபி) நடுவில் இருக்கிற கோடு ஒரு சண்டையில் விழுந்த கோடு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, டிஎல்எஸ் (வெப் பக்கங்களை மறையாக்கம் செய்து அனுப்பும் முறை) எந்த அடுக்கு என்று நேர்முகத்தில் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும். ஒருமுறை அந்தக் கேள்வியில் நானே தோற்றிருக்கிறேன், அந்தக் கோபமும் சேர்ந்திருக்கலாம்.

## கடைசித் துண்டு மட்டும்

வகுப்பு முடிந்து நாலைந்து வருடம் கழித்து ஒரு சிக்கல் வந்தது. இரண்டு அலுவலகங்களை ஒரு டனல் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும் இணைப்பு) வழியாக இணைத்திருந்தோம். அந்தப் பக்கம் இருப்பவர்கள் இந்தப் பக்கச் சர்வரில் உள்ள ஒரு செயலியைப் பயன்படுத்த வேண்டும். உள்நுழையும் பக்கம் வரும். கடவுச்சொல் ஏற்கும். பட்டியல் சின்னதாக இருந்தால் வரும். பெரிதாக இருந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். செயலி எழுதியவர்கள் நெட்வொர்க்கைக் கை காட்டினார்கள். நாங்கள் பிங் போட்டுக் காட்டினோம்: பாருங்கள், ஒன்றுகூடத் தவறவில்லை. இப்படியே மூன்று நாள்.

மூன்றாம் நாள் மாலை இரண்டு முனையிலும் கேப்சர் போட்டு, அதாவது போகிற வருகிற பாக்கெட்டுகளைப் பதிவு செய்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சர்வர் பக்கம்: இணைப்பு கைகுலுக்கல் சரி, கேள்வி வந்தது சரி, பதிலாக 1514 பைட் ஃபிரேம் நான்கு, சின்னதாக ஒன்று. பிறகு முதல் பெரிய ஃபிரேம் மறுபடி. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. இடைவெளி ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகிக்கொண்டே போனது. மறுமுனையில் பார்த்தால் பெரிய நான்கும் இல்லவே இல்லை. அந்தச் சின்னக் கடைசித் துண்டு மட்டும் தன்னந்தனியாக வந்து நின்றுகொண்டிருந்தது, முன்னால் இருக்கிறவர்கள் வரட்டும் என்று.

பெரியது தொலைகிறது, சின்னது வருகிறது. தொலைந்ததில் ஒன்றைத் திறந்து பழக்க தோஷத்தில் ஹெக்ஸைப் பார்த்தேன். 45, அதற்குச் சற்றுத் தள்ளி 40 00. முதல் 40. என்னைப் பிரிக்காதே. ஏன்?

அப்போதுதான் மேடத்தின் கேள்வியை ஒவ்வொருவரிடமும் கேட்டேன். சர்வரின் டிசிபிக்கு என்ன தெரியாது? நடுவில் பாதை எவ்வளவு அகலம் என்று தெரியாது. இரண்டு முனைகளும் கைகுலுக்கும்போது ஒரு துண்டில் எவ்வளவு அனுப்பலாம் என்று பேசிக்கொள்வார்கள். இருவருமே ஈதர்நெட்டில் உட்கார்ந்திருப்பதால் இருவருமே 1460 என்றார்கள். ஈதர்நெட் ஒரு ஃபிரேமில் சுமக்கும் 1500-இல் ஐபிக்கு 20, டிசிபிக்கு 20 போனால் மீதி. நடுவில் இருக்கும் டனல் தன் தலைப்பையும் சேர்க்க வேண்டியிருப்பதால் 1500 நுழையாது என்பது இருவருக்குமே தெரியாது. தெரிந்த ஒரே ஆள் டனல் வாசலில் நிற்கும் ரவுட்டர். பிரிக்காதே என்று எழுதியிருப்பதால் அவர் பிரிக்க மாட்டார். தூக்கிப் போட்டுவிட்டு, 'நுழையவில்லை, இந்த அளவுக்கு மேல் அனுப்பாதே' என்று ஐசிஎம்பி செய்தி அனுப்புவார். வகை 3, குறியீடு 4. அந்தச் செய்தி கிடைத்தால் சர்வர் துண்டைச் சின்னதாக்கும். பிரிக்காதே என்று சொல்வதே இப்படிச் செய்தி வரவழைப்பதற்குத்தான். ஆயுளை வைத்து வழி கண்டுபிடித்த மாதிரி, இது பாக்கெட்டைச் சாகவிட்டு அகலம் கண்டுபிடிக்கிற ஏற்பாடு. 1990-லிருந்து இருக்கிறது. அந்த 'அப்புறம் பார்ப்போம்' கதை இதுதான்.

எங்கள் சர்வருக்கு முன்னால் ஒரு ஃபயர்வால். அதில் யாரோ எப்போதோ எழுதிய விதி: பிங்கை மட்டும் விடு, மற்ற ஐசிஎம்பி எல்லாம் தடு. பாதுகாப்புக்காகவாம். பிங்கை விட்டதால் எங்களுக்கு எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரிந்தது. மற்றதைத் தடுத்ததால் ரவுட்டர் அனுப்பிய செய்தி ஒவ்வொன்றும் வாசலிலேயே செத்தது. உறுதி செய்துகொள்ள, பிரிக்காதே என்ற கொடியோடு அளவு கொடுத்துப் பிங் போட்டேன். 1472, அதோடு ஐசிஎம்பியின் 8, ஐபியின் 20, ஆக 1500. பதில் இல்லை. 1300, வந்தது. 1400, இல்லை. 1350, வந்தது. இப்படி இருட்டில் சுவரைத் தடவுகிற மாதிரித் தடவி 1372-இல் பதில் வந்தது, 1373-இல் வரவில்லை. 28 சேர்த்தால் 1400. டனலின் அகலம்.

ஃபயர்வாலை மாற்ற வேறொரு குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும், அது வாரக்கணக்கில் ஆகும். ஆகவே டனல் ரவுட்டரில் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: கைகுலுக்கல் கடந்துபோகும்போது அதில் இருக்கும் 1460-ஐ அழித்து 1360 என்று எழுது. அடுத்த நொடி பட்டியல் வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து போனில் கை தட்டினார்கள்.

பெருமை தாங்கவில்லை. மேடத்துக்கு நீளமாக ஒரு மெயில் எழுதினேன். முதல் 40-ஐச் சொல்லி, கடைசித் துண்டைச் சொல்லி, 1372-ஐச் சொல்லி. இரண்டு நாள் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: "ரொம்ப சந்தோஷம். ஒரு சந்தேகம், டிசிபிக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு ரவுட்டருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

## எட்டிப் பார்த்தவர்கள்

பிடித்துவிட்டார். மூன்றாவது அடுக்கில் நிற்க வேண்டியவரை நான் நான்காவது அடுக்கின் தலைப்புக்குள் கைவிட்டுத் திருத்தச் சொல்லியிருந்தேன். ஒரு ஒப்பந்த மீறலை இன்னொரு மீறலால் ஒட்டுப்போட்ட கதை. முதல் வாரத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததற்கு நேர் எதிரான வேலை.

சமாதானமாக யோசித்தால், நான் மட்டுமா? ஒரே பொது ஐபியை வைத்துக்கொண்டு ஒரு கட்டடத்தையே இணையத்துக்கு அனுப்புகிற நாட், போர்ட் எண்ணை எட்டிப் பார்க்காமல் வேலையே செய்யாது. ஃபயர்வால்களின் பிழைப்பே எட்டிப் பார்ப்பதுதான். இப்படி வழியில் இருக்கிற அத்தனை பெட்டியும் டிசிபியின் தலைப்பைப் படித்துப் பழகி, அதில் ஒரு புது விஷயம் தெரிந்தால் சந்தேகப்பட்டுத் தூக்கிப்போட ஆரம்பித்ததால், டிசிபியை மாற்றுவதே கிட்டத்தட்ட முடியாத காரியமாகிவிட்டது. டிசிபிக்கு மாற்றாக 2021-இல் தரமாக வந்த க்விக், யூடிபியின்மேல் ஏறிக்கொண்டு, தன் போக்குவரத்து விவரங்களில் பெரும்பகுதியை மறையாக்கம் செய்து அனுப்புகிறது. பார்க்க மாட்டேன் என்ற பேச்சை நம்ப முடியாது என்று தெரிந்த பிறகு பூட்டுப் போட்டுவிட்டார்கள். நான் பெருமைப்பட்ட அந்த ஒரு வரி க்விக்கைத் தொடவே முடியாது. அது பாதையில் 1200 பைட்டாவது போகும் என்று மட்டும் எதிர்பார்த்துத் தொடங்கி, அதற்கு மேல் எவ்வளவு போகும் என்பதைத் தானே சோதித்துக்கொள்கிறது.

ஃபயர்வால் குழுவுக்கு முறைப்படி எழுதினேன். வகை 3, குறியீடு 4-ஐ விடுங்கள் என்று காரணத்தோடு. ஒரு மாதம் கழித்து விட்டார்கள். அதன்பின் என்னுடைய அந்த வரிக்கு வேலை இல்லை, எடுத்துவிடலாம். எடுக்க வேண்டும் என்று இரண்டு தடவை அந்த ரவுட்டருக்குள் போயிருக்கிறேன். ஓடுகிறதே, எதற்கு என்று வெளியே வந்துவிட்டேன். மேடத்திடம் இதைச் சொல்லவில்லை.

அந்த இளைஞரை எடுத்துக்கொண்டோம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. திங்கட்கிழமை அவரிடம் ஹெக்ஸ் அச்சடித்த ஒரு தாளையும் ஒரு பென்சிலையும் கொடுத்து, 55-ஆவது பைட்டில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்து வரச் சொன்னேன். மதியம் கொண்டுவந்தார். கோடுகள் எல்லாம் சரியான இடத்தில் இருந்தன, 'கெட்'டைச் சுற்றி ஒரு வட்டம்கூடப் போட்டிருந்தார். இரண்டு 40-க்குக் கீழும் 64 என்று எழுதியிருந்தார்.